ரெண்டு பேர் தொங்கணும்

இருட்டப்போகிற நேரம். மூடிக்கிடந்த பழைய நூற்பாலைக்குப் பின்னால் ஒரு சாலை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மரங்கள். விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. அங்கே ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது...

கதவைச் சாத்து. மெழுகுவர்த்தி அணைந்தால் நான் பொறுப்பில்லை.

என்னோடு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாளே, அவளுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது இது. மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர். பட்டப்பெயர் உச்சி. எந்த மரத்திலும் உச்சிவரை ஏறுவாராம், அதனால் வந்த பெயராம். சொன்னவர் அவரே. ஏறியதைப் பார்த்தவர் யாருமில்லை. ஆட்களை ஏற்றிவிட்டு, கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "கையை நீட்டுடா, உன் கை என்ன உங்க அப்பன் வீட்டுலயா இருக்கு?" என்று கத்துவதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. தண்ணீர்ச் செம்பு முழங்கையில் இடித்தாலும் மனைவியைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்கிற ஆள்.

அந்தத் தொழிலில் கயிற்றை மேலே ஏறிக் கட்டுவதில்லை. கீழே நின்றே போடுவார்கள். ஈயக் குண்டு அடைத்த சின்னப் பை, அதில் மெல்லிய நூல். அதை வீசிக் கிளைக் கவட்டைக்கு மேலே போக்கினால், கனத்தில் அந்தப் பக்கம் தானாக இறங்கிவிடும். பிறகு நூலில் பெரிய கயிற்றை முடிந்து இழுத்து, ஒரு முனையை அடிமரத்தில் கட்ட வேண்டும். மறுமுனையில் ஆள் ஏறுவான்.

ஆனால் உடனே ஏறக் கூடாது. கீழேயிருந்து பார்த்தால் எல்லாக் கிளையும் பச்சைதான். உள்ளே உளுத்திருப்பது தெரியாது. அதனால் முதலில் இரண்டு பேர் சேர்ந்து, கிளைக்கு நேர் கீழே நிற்காமல் தள்ளிப் போய், அந்தக் கயிற்றில் முழு எடையையும் விட்டுத் தொங்கிக் குலுக்க வேண்டும். உடைவதாக இருந்தால் அப்போதே உடையும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

உச்சிக்கு இது கேவலம். "ஊஞ்சல் ஆடவா வந்தோம்?" என்பார்.

அவரிடம் முன்பு ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். தைலம் என்று கூப்பிடுவார்கள். மணிக்கட்டு வலிக்கு எந்நேரமும் பச்சைத் தைலம் தேய்த்துக்கொள்வார். எங்கள் கடையில்தான் வாங்குவார். அதிகம் பேசமாட்டார். ஏறுமுன் ஒரே ஒரு கேள்வி.

"ரெண்டு பேர் தொங்கிட்டீங்களா?"

ஒருநாள் உச்சி, நாற்காலியிலிருந்து எழாமலே, "ஆச்சு" என்றார்.

ஆகவில்லை.

தைலத்தை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று உச்சி சொன்னது என்ன தெரியுமா? "உடம்பைக் குறைய்யான்னு எத்தனை தடவ சொன்னேன்." மனிதப் பிறவிதான். நம்பித்தான் ஆக வேண்டும்.

சரி, அந்தச் சாலைக்கு வருவோம்.

ஒரு பெரிய கிளை மதிலுக்கு மேல் சாய்ந்து, பக்கத்து வீட்டு ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மழை வருவதற்குள் இறக்கியாக வேண்டும். தைலத்துக்குப் பிறகு உச்சியிடம் ஏற யாரும் வரவில்லை. அதனால் மனைவியின் தம்பியை இழுத்து வந்திருந்தார். அதாவது, என்னோடு வேலை பார்க்கிறவளின் கூடப்பிறந்தவன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அக்கா முகத்துக்காக வந்தவன்.

உச்சி பையை வீசினார். முதல் வீச்சிலேயே கவட்டைக்கு மேலே போய்விட்டது. பத்து வீச்சில் ஒன்று விழாத கை அது. அவருக்கே ஆச்சரியம். ஆனாலும் மார்பை நிமிர்த்திக்கொண்டார். பை மெதுவாக இறங்கியது... யாரோ கையில் பிடித்து இறக்குவது போல. கயிற்றை இழுத்து அடிமரத்தில் கட்டினார்.

"அத்தான், ரெண்டு பேரும் தொங்கிப் பாத்துடலாமா?"

"உன் அக்கா மாதிரியே பயந்தாங்கொள்ளியா இருக்கியே மச்சான். போ, போய் இடுப்பு வாரை மாட்டிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அவன் வேனுக்குப் போனான். வேன் சாலைத் திருப்பத்தில். உச்சி பீடி பற்ற வைத்தார். இரண்டு இழுப்பு. கயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தினார்.

"ஆச்சு! வாடா!"

கிரீச்...

தொங்கிக்கொண்டிருந்த கயிறு விறைத்தது.

காற்று இல்லை. இலை அசையவில்லை. கயிறு மட்டும் விறைத்து, ஓர் ஆள் எடையில் நிற்பது போல நின்றது. பிறகு குலுங்கியது. நிதானமாக. கிரீச். கிரீச். பீடி நாற்றத்தை விலக்கிக்கொண்டு வந்தது ஒரு வாசனை... பச்சைத் தைலம்.

உச்சி ஓடியிருக்கலாம். வாயில் பீடியோடு நின்றார். வீரர்.

கயிறு தளர்ந்தது. ஆடி ஆடி அவர் பக்கம் வந்தது. உள்ளங்கையில் உரசியது. அவர் கை தானாக மூடிக்கொண்டது. திறக்கப் பார்த்தார், முடியவில்லை. கயிறு அவரைப் பக்கவாட்டில் இழுத்தது. கிளைக்கு நேர் கீழே இல்லாமல், தள்ளி. முறையாக எங்கே நிற்க வேண்டுமோ அங்கே. செத்த பிறகும் அந்த ஆள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார், பாருங்கள்.

பிறகு உச்சியின் செருப்புகள் தரையை விட்டு எழும்பின.

ஒரு குலுக்கல். பக்கத்தில், காதுக்கு அருகில், யாரோ மூச்சுவிடும் சத்தம். இன்னொரு குலுக்கல்.

மடார்!

கிளை அடியோடு பிளந்து விழுந்தது. அவர் தொங்கிய இடத்தில் இல்லை. அவர் மச்சான் ஏறியிருந்தால் எங்கே விழுந்திருப்பானோ அங்கே. உள்ளே முழுக்கக் கறுப்பு, ஈரம், பொடிப்பொடியான உளுப்பு. உச்சி புட்டம் தரையில் மோத உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. மழை இன்னும் வரவில்லை.

தம்பி ஓடி வந்தான். கிளையைப் பார்த்தான்.

"நல்லவேளை அத்தான்... நான் போயிருப்பேன். தொங்கிப் பாக்காம விட்டுடுவீங்களோன்னு உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். திருப்பத்துலேர்ந்து பாத்தேன், ரெண்டு பேரும் நல்லாத்தான் குலுக்கினீங்க."

உச்சி வாயைத் திறந்தார். பீடி விழுந்தது.

"எங்க அத்தான் அந்த இன்னொருத்தர்? உங்க தோளோட தோளா நின்னாரே?"

அவ்வளவுதான். அன்றோடு தொழில் போயிற்று. தம்பி உயிரோடு இருக்கிறான், ஓட்டுநர் வேலைக்குப் போகிறான். உச்சி வீட்டிலேயே கிடக்கிறார், இப்போதும் செம்பை எடுத்துத் தரச் சொல்லிக்கொண்டு.

என்ன சிரிப்பு? இருங்கள், கதை இன்னும் முடியவில்லை.

ஒரு வேலையை மட்டும் அவர் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. குளித்துவிட்டுத் துண்டை அவரே காயப் போடுகிறார். மொட்டைமாடியில் நைலான் கொடி. துண்டைப் போட்டதும் கொடி தாழ்கிறதாம்... தாழ்ந்து தாழ்ந்து இடுப்புவரை. ஒரு துண்டுக்கு. "ஆச்சு, ஆச்சு" என்பாராம். எழும்பாது. கடைசியில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவரும் கொடியைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்குவாராம். எதிர்வீட்டுப் பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்குமாம். என்னோடு வேலை பார்க்கிறவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனவள், மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு சிரிப்பதில்லை.

உச்சி கையை விட்டு, துண்டையும் உருவிக்கொண்டு, படி இறங்கி அவளைத் தாண்டிப் போய்விட்டார்.

கொடி இன்னும் தாழ்ந்தே இருந்தது. நிதானமாகக் குலுங்கிக்கொண்டு.