ஆறிய புண்

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள் என்று சொன்னால், பாதிப் பேர் ஒரு டீயாவது குடித்துவிட்டுத்தான் வருவார்கள். டீயெல்லாம் சாப்பாட்டில் சேராது என்பது அவர்கள் எண்ணம். தங்கராஜ் அப்படி இல்லை. சொன்னால் சொன்னபடி வருவார். தண்ணீர்கூடக் குடிக்காமல், முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, கட்கியிலிருந்து பஸ் பிடித்து வந்து, நான் வருவதற்கு முன்பே என் அறை வாசலில் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட நோயாளிகள் கிடைப்பது அபூர்வம்.

விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இங்கே தமிழில் சொல்கிறேன். தங்கராஜிடம் நான் பேசியதெல்லாம் தமிழில்தான்.

அவர் முதன்முதலில் வந்தது தொண்ணூற்றாறில். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். புனேயில் ஒரு பெரிய மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவில் நான் இருந்தேன். தமிழ் பேசுகிற டாக்டரம்மா ஒருத்தி இருக்கிறாள் என்பது கட்கி, போசரித் தமிழர்களிடம் பரவியிருந்தது. வயிற்றில் எரிச்சல் என்று யாராவது சொன்னால் அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் அனுப்புவார்கள். அந்த நம்பிக்கையை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை.

அதற்கு முன்பெல்லாம் எண்டாஸ்கோப்பிக் குழாயின் முனையில் கண்ணை வைத்து டாக்டர் ஒருவர் மட்டும்தான் பார்க்க முடியும். அப்போதுதான் வயிற்றின் உட்புறத்தை டிவி திரையில் காட்டும் கருவி எங்களுக்கு வந்திருந்தது. படத்தை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளலாம். தங்கராஜ் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி, தொண்டை மரத்துப்போவதற்கு முன் கேட்டார்:

"டாக்டரம்மா, நேத்து துன்ன மீனு தெரியுமா அதுல?"

"ஆட்டமா இருந்தா ஒண்ணும் தெரியாது. ஆடாம படுங்க."

அவர் ஆடவில்லை. இரைப்பையின் உள்வளைவில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. சுற்றிலும் உட்சவ்வின் மடிப்புகள் அதை நோக்கி வந்து சட்டென்று நின்றிருந்தன. சாதாரணப் புண்ணில் அப்படி நிற்காது. துணுக்குகள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் வரச் சொன்னேன்.

முடிவு வந்தது. புற்று. ஆனால் மிக ஆரம்ப நிலை, மேல்தோலைத் தாண்டாதது. அந்த நிலையில் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோருமே பிழைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் அந்த நிலையில் யாரும் வருவதில்லை. சோறு இறங்காமல் போன பிறகுதான் வருவார்கள்.

மறுவாரம் தங்கராஜ் வரவில்லை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய், அப்படியே வேலூரில் சொந்தக்காரர் வீடுகளைச் சுற்றிவிட்டு வந்தார். அது என் தவறு இல்லை. திரும்பி வந்தபோது கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"ஏக்தம் டீக் ஆயிட்டேன் டாக்டரம்மா, சுத்தமா சரியாயிடுச்சு. மாத்திரை நல்லா வேல செய்யுது. மாதா புண்ணியம், உங்க புண்ணியம்."

மறுபடி குழாய் விட்டுப் பார்த்தேன். பள்ளம் மூடியிருந்தது. அமிலம் குறைந்தால் சில புற்றுப் புண்கள் இப்படித் தற்காலிகமாக மேலே தோல் போர்த்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். அன்றுதான் கண்ணால் கண்டேன். மிக அழகான படம் அது. அடியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பரிசோதனை முடிவு என் மேசையில் இருந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் சொன்னேன்: "புண் ஆறிடுச்சு. ஆனா அப்பப்ப வந்து காட்டணும்."

இதை நான் யோசிக்காமல் சொல்லவில்லை. என் நினைப்பு இதுதான். ஆரம்பப் புற்றைப் பார்த்த எல்லா மருத்துவரும் உடனே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதனால், விட்டுவைத்தால் அது எவ்வளவு காலம் சும்மா இருக்கும், எப்போது ஆழம் போகும், என்ன மாதிரி மாறும் என்பது நம் மக்கள் விஷயத்தில் யாருக்கும் தெரியாது. அது தெரிந்தால்தான் யாரை எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று திட்டம் போட முடியும். ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றலாம். யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு.

தங்கராஜைத் தொடர்ந்து வேறு சிலரும் வந்தார்கள். போசரியில் தையல் வேலை செய்த ஜமீலா. ஓய்வு பெற்ற அந்தோணி. இன்னும் சிலர். ஆரம்பப் புற்று தெரிந்த எல்லோரையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்கிறவர்களையும், வேறு டாக்டரிடம் காட்டுவேன் என்கிறவர்களையும் உடனே அறுவை சிகிச்சைக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். சொன்னபடி திரும்பி வருவார்கள் என்று தோன்றியவர்களை மட்டும்தான் வைத்துக்கொண்டேன்.

ஆறிய புண்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு என்று சொல்லி அனுமதி வாங்கினேன். அவர்களை மிக நன்றாகக் கவனித்துக்கொண்டேன் என்பதைக் குழுவே ஒப்புக்கொண்டது. மாத்திரையெல்லாம் இலவசம். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சோதனை முடிந்ததும் டீயும் பன்னும் வரவழைத்துக் கொடுப்பேன். ஜமீலாவின் மகனுக்கு ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை கிடைக்க ஒருவரிடம் சொல்லிவைத்தேன். பெருநாளுக்கு ஜமீலா எனக்கு ரவிக்கை தைத்துத் தந்தார்.

மூன்றாவது வருடம் தங்கராஜின் பள்ளம் திரும்பத் திறந்தது. ஓரங்கள் கொஞ்சம் தடித்திருந்தன. அவருக்குத் தொந்தரவு ஒன்றுமில்லை. ஆனால் அவர் மனைவி ஜான்சிக்கு மனதில் ஏதோ பட்டிருக்கிறது. கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, இத்தினி வாட்டி குழாய் உட்றீங்களே, உள்ள எதனா இருக்குதா?"

"புண்ணுதான். ஆறும், திரும்பும்."

"ஆபரேசன் பண்ணா போய்டும்னா சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடறேன். ஃபேக்டரில லீவ் குடுப்பாங்கோ. என் தங்கச்சி வந்து வூட்ட பாத்துக்குவா. அவரு பயப்படுவாரு, நான் பயப்பட மாட்டேன்."

நான் அவரை உட்காரச் சொன்னேன். அந்த நிலையிலும் வெட்டி எடுத்திருந்தால் தங்கராஜ் பிழைத்திருப்பாரா என்று குழுவில் கேட்டார்கள். பெரும்பாலும் பிழைத்திருப்பார். ஆனால் அப்போதுதான் மாற்றம் தொடங்கியிருந்தது. அதுவரை காத்திருந்ததெல்லாம் அந்த மாற்றத்தைப் பார்க்கத்தான். அந்த இடத்தில் நிறுத்தினால் அத்தனை வருடமும் வீண்.

"தேவையில்ல ஜான்சி. கத்தி வைக்காம இருக்கிறதுதான் அவருக்கு நல்லது," என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுவருடம் ஒரு மாநாட்டில் அந்தப் படங்களை வரிசையாகத் திரையில் காட்டினேன். அரங்கமே கவனமாகப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, இவர்கள் ஏன் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். நம் நோயாளிகள் மறுப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

அதற்குப் பிறகு தங்கராஜுக்கு நோய் வேகமாக முற்றியது. நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக. இரைப்பையின் வாய் அடைபட்டு, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. இஸ்திரி போட்ட சட்டை தோளில் தொங்கியது. அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன், புண் மாறிவிட்டது, புற்றாகிவிட்டது, கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று. ஜான்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கராஜ்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க டாக்டரம்மா. இத்தினி வருசம் பாத்துக்கினீங்க."

அதைக் கேட்டபோது என் கண் கலங்கியது உண்மை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

கடைசியாக ஒருமுறை குழாய் விட வேண்டியிருந்தது. சிகிச்சைக்காக அல்ல. முடிவு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் படங்களின் வரிசை முழுமையாகாது. அடைப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்று ஜான்சியிடம் சொன்னேன். நாலு பேர் தூக்கிப் படுக்க வைத்தார்கள். குழாய் உள்ளே போனதும் கறுப்பாக வாந்தி எடுத்தார். என் கையிலும் உடுப்பிலும் பட்டது. குழாயை வெளியே எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஸாரி டாக்டரம்மா, உங்க மேல பட்டுடுச்சு."

பரவாயில்லை என்றேன். படங்கள் தெளிவாக வந்திருந்தன. அந்த வாரமே அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் போனேன். ஜான்சி என் தோளில் சாய்ந்து அழுதார்.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது டாக்டர் நஸ்ரின். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். போசரித் தமிழ்க் குடும்பத்துப் பெண், ஆனால் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். வெளிநாட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நல்ல கண். ஜமீலா சோதனைக்கு வந்த ஒருநாள் நான் ஊரில் இல்லை. நஸ்ரின் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறாள். நான் திரும்பி வந்ததும் பழைய படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"மேடம், இது அல்சர் இல்ல. ஃபர்ஸ்ட் போட்டோலயே தெரியுது."

"ஆமாம்."

அவள் முதல் படத்தை என் மேசையில் வைத்தாள். "உங்களுக்குத் தெரியுமா, அப்பவே?"

"தெரியும் நஸ்ரின். உட்கார், விளக்கமாச் சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. அவளுக்கு எடுத்துச் சொன்னால் புரியும் என்றுதான் நினைத்தேன். ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளவள். என் படங்களைப் பார்த்து வியப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் படங்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று மாலையே ஜமீலாவை அறுவை சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டாள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாமல் மூடிவிட்டார்கள். அந்தோணி அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

விசாரணை நடந்தது. முதல் படத்திலேயே தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். சொல்லாமல் இருந்தேன், தடுத்தேன், மாநாட்டில் பொய் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவர்கள் சாவதை நான் விரும்பவில்லை. அவர்கள் சாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று குழு எழுதியது. நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் வாதாடவும் இல்லை.

கடைசி நாள் ஜான்சியைச் சாட்சி சொல்ல அழைத்திருந்தார்கள். வெளியே தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் நேராக வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வூட்டு ஆளுக்கு இது வந்திருந்தா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். குழுவும் அதைக் கேட்கவில்லை. ஆனால் எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி சேஷுவுக்கு வந்தது. புனேயிலேயே வங்கியில் வேலை பார்க்கிறான். ஜான்சி ஆபரேசன் பற்றிக் கேட்டாரே, அதே மாதம்தான். நெஞ்செரிகிறது என்று விளையாட்டாகத்தான் வந்தான். உள்வளைவில் அதே இடம், அதே அளவு, அதே மாதிரி நின்றுபோன மடிப்புகள். பரிசோதனை முடிவு வரும்வரை என்னால் சாப்பிட முடியவில்லை. முடிவு வந்த அன்றே புனேயின் மிகச் சிறந்த அறுவை சிகிச்சை நிபுணரைத் தொலைபேசியில் அழைத்து அழுதேன். அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். சேஷு இன்று நன்றாக இருக்கிறான். பர்வதி மலை ஏறிவிட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிடுகிறான்.

இதை வைத்து யாரும் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. அவனை ஆய்வில் சேர்த்திருக்க முடியாது. ஆய்வு செய்கிறவருக்கு உறவானவரை அதில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.