முந்திக்கொண்ட கல்

தபால் பிரிப்பது சுகமான வேலை, இன்ஸ்பெக்டர் சார். அல்வால் பக்கத்து எங்கள் பாக்டரிக் குடியிருப்பு புதிது. தபால்காரர் வீடு வீடாக ஏறமாட்டார். மொத்தக் கட்டையும் தமிழ்ச் சங்கத்தில் போட்டுவிடுவார். செயலாளர் என்ற முறையில் நான் பிரிப்பேன். வீட்டு எண்படி அடுக்கினால் பாதி நேரம் மிச்சம்.

கல்பகம் மாமியின் மகன் வாசு சீன எல்லைக்குச் சண்டைக்குப் போனவன். அறுபத்திரண்டு நவம்பரில் காணவில்லை என்று தந்தி வந்தது. ராணுவத்தில் அப்படிச் சொன்னால் இறந்துவிட்டதாகத்தான் அர்த்தம் என்று மாமிக்கு நான்தான் பொறுமையாக விளக்கினேன்.

பிறகு நினைவுக்கல். இதன் நடைமுறை பலருக்குத் தெரியாது. சங்கம் தீர்மானம் போட வேண்டும், பாக்டரி நலப்பிரிவு இடம் ஒதுக்க வேண்டும், ஜெனரல் மானேஜர் தேதி கொடுக்க வேண்டும். ஜனவரி இருபத்தாறு கிடைத்தது. மாமி மட்டும் முனகினார்: "வேண்டாம்டா ஜம்பு. அவன் வந்து நின்னா என்னைத்தான் திட்டுவான்."

ஜனவரி பதினொன்றாம் தேதி சீனக் கைதி முகாமிலிருந்து வாசுவின் கார்டு ஒன்று வந்தது. "அம்மா, வலது கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்றபடி சௌக்கியம். ஒரு வரி போடு."

அதற்குள் கல்லில் பெயர் வெட்டியாகிவிட்டது. அழிக்க முடியுமா என்று கல்தச்சனைக் கேட்டேன். "நக்கோ சாப்" என்று மறுத்துவிட்டான். உயிரோடிருப்பவனுக்குக் கல் வைக்க விதியில்லை; ஒதுக்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கவும் விதியில்லை. விழா முடியட்டும் என்று கார்டை எடுத்து வைத்தேன். விழா நன்றாக நடந்தது. அதன்பின் கொடுத்தால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். இன்னும் மூன்று வந்தன. மூன்றிலும் அதே வேண்டுதல். ஐந்தாவது வேறு கையெழுத்தில் இருந்தது: மார்ச் மூன்றாம் தேதி வாசு இறந்துவிட்டான். ஆக, கல் பொய் சொல்லவில்லை. சற்று முந்திக்கொண்டது.

முகாமில் வாசுவோடு இருந்த ஜகதீசன் மே மாதம் விடுதலையாகி மாமியைப் பார்க்க வந்தார். "பதில் வரலை வரலைன்னு சாப்பாட்டையே விட்டுட்டான் மாமி. அம்மாவுக்கு என்னமோ ஆயிடுத்துன்னு சொல்லிண்டே போனான். ஒரு வரி போட்டிருக்கப்படாதா?"

மாமி என்னைப் பார்த்தார். சிறையில் இருந்தவர்களுக்குப் புத்தி பேதலிப்பது சகஜம் என்று, அது எப்படி நேர்கிறது என்பதையும் சேர்த்து விளக்கினேன். மாமி நம்பினார். ஜகதீசன் நம்பவில்லை, அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

கார்டுகள் ஐந்தும் இதோ. மறைத்தவன் நான்தான். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த நினைவுநாள் உரையை எழுதி வைத்திருக்கிறேன். அதை நானே படிக்க அனுமதிக்க வேண்டும். கடைசிவரை அவன் தாயையே நினைத்திருந்தான் என்கிற இடத்தில் மாமி நிச்சயம் அழுவார். என்னைத் தவிர வேறு யாராலும் அதை இவ்வளவு ஆதாரத்தோடு எழுதியிருக்க முடியாது.