ஏழு மணிப் பந்தி

சத்தியம்ங்க! சத்தியம்! நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா இந்த சூப்பு என் தொண்டையிலேயே நின்னு போகட்டும். உங்க மகன் ஜேஹொன் எனக்கு ரொம்ப வேண்டியவன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? துக்கக் கூடத்துல கத்தறேன்னா? நம்ம ரெண்டு பேரையும் அந்தப் பரிமாறுற அம்மாவையும் விட்டா இங்க யார் இருக்கா? அந்தம்மாவும் டி.வி.தான் பாத்துக்கிட்டிருக்கு.

நேர்ல பாத்திருக்கேனாவா... இல்ல. அதோ சாமந்திப்பூவுக்கு நடுவுல வெச்சிருக்கீங்களே, அந்த போட்டோவைத்தான் மொத மொதலாப் பாக்கறேன். மூக்கு உங்க மூக்கு. பாக்காதவன் எப்படி வேண்டியவன் ஆனான்னு கேப்பீங்க. சொல்றேன், சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முன்னாடி, நீங்க பொறந்தது எந்த மிருகத்தோட வருஷம்? ஆட்டு வருஷமா? நான் பன்னி வருஷம். அப்ப எனக்குச் சின்னவர். தம்பின்னே கூப்பிடறேன், கோச்சுக்காதீங்க. இந்தாங்க, ஒரு கிளாஸ் சோஜு சாராயம். இடிக்க வேணாம், சாவு வீட்ல கிளாஸை இடிக்கக் கூடாது. அப்படியே குடிங்க.

உங்க மகனோட அந்த போனை மட்டும் கொஞ்சம் கவுத்து வைங்க தம்பி. கறுப்பு ரிப்பன் போட்ட சாவுச் செய்தி இன்னும் போகலையே? நல்லது. ஒரு தட்டு தட்டினா மகனுக்குத் தெரிஞ்ச அத்தனை பேருக்கும் போயிடும்னு ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்திருப்பாங்க. நேத்து அதைச் செய்யாம, நான் அவன் அப்பா, நீங்க யாருன்னு எனக்கு மட்டும் தனியாக் கேட்டீங்க பாருங்க, அது பெரிய புண்ணியம். அதான் கெடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு ஓடியாந்தேன்.

என் பேரு பியோ மன்போக். உல்லுங்டோ தீவுக்குப் போற கப்பல்ல சமையக்காரனா இருந்தவன். ஒரு தடவை கடல்ல கணவாய் மீன் எவ்வளவு அடர்த்தியா வந்துச்சுன்னா, கப்பல் நகரல. நான் இறங்கி, அதுங்க முதுகு மேலயே நடந்து போய்க் கரையில சிகரெட் வாங்கிட்டுத் திரும்பி வந்தேன். சிரிக்கறீங்களா? சிரிக்கல. சரி. உங்க மகன் இதைக் கேட்டப்ப ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். தாத்தா, மீதிச் சில்லறை குடுத்தாங்களான்னு.

இப்ப இன்ச்சன் ஊருக்கு மேல மலைச்சரிவுல ஒரே ஒரு ரூம். நான் மட்டும். தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கிம்ச்சி ஊறுகாய் ஜாடியில போனைச் சாத்தி, லைவ் வீடியோ போட்டுட்டு, உக்காந்து சாப்பிடறேன். அவ்வளவுதான். அதை யார் பாப்பாங்கறீங்க? தனியாச் சாப்பிடறவன் பாப்பான். அவனும் அவன் ரூம்ல கிண்ணத்தை எடுத்து வெச்சுக்கிட்டு, இன்னிக்கு என்னன்னு எழுதுவான். நான் சத்தம் போட்டுப் படிப்பேன். பேரு ஏழு மணிப் பந்தி. சொந்தப் பேரு யாரும் சொல்றதில்ல. மூணு கிண்ணம், மாடிப்பூனை, காளான், இப்படித்தான். உங்க மகன் அங்க ஆறின சோறு. அவனா வெச்சுக்கிட்ட பேருதான் தம்பி, நாங்க வெக்கல.

இதுக்கு வார்டு ஆபீஸ்ல வகுப்பே வெச்சாங்க தெரியுமா? கெழவன் கெழவிங்களை உக்கார வெச்சு, வீடியோ எடுக்கறது எப்படின்னு. டை கட்டின ஒரு வாத்தியார் வந்தாரு. ஐயா, உண்மையா இருங்க, உண்மைதான் ஆளைப் பிடிச்சு வெக்கும், பாக்கறவங்க ஒரு குடும்பமாகணும்னாரு. சரி, படிச்சவர் சொல்றாரேன்னு ஒரு வாரம் உண்மை பேசினேன். என் முட்டி வலி, செத்துப்போன பொண்டாட்டி, சுவத்துல ஈரம் ஏறினது, எல்லாம் சொன்னேன். பந்தியில பாதிப் பேர் சாப்பாட்டைப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. கடைசியில உங்க மகன்தான் எழுதினான். தாத்தா, உண்மை எங்க வீட்லயே நிறைய இருக்கு, நீங்க கணவாய் மேல நடங்கன்னான். அன்னிலேருந்து நடந்துக்கிட்டிருக்கேன்.

என்ன சாப்பிடுவானா? ஹும். அப்பனாச்சே, கேக்கத்தான் செய்வீங்க. நிறைய நாள் கடையில விக்கிற முக்கோணச் சோத்துருண்டைதான். சம்பளம் வந்தா டோஃபு போட்டுக் குழம்பு. சுசொக் அறுவடைப் பண்டிகை வந்துட்டா மட்டும் ஆளே வேற. இன்னிக்கு எங்கப்பா தோட்டத்து ஆப்பிள், பெட்டி வந்துருக்குன்னு எழுதுவான். எங்க ஊர் சோங்சோங் ஆப்பிள், கடிச்சா நடுவுல தேன் மாதிரி இருக்கும், வேணுங்கறவன் எச்சில் முழுங்கிக்கோன்னு பந்தியையே வெறுப்பேத்துவான்...

என்னது? நீங்க அனுப்பலையா? ஒரு வருஷம் கூடவா?

சரி. அழாதீங்க. இல்ல, அழுங்க, எனக்கென்ன. நாட்டுலயே பெரிய புளுகன் நான்தான்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். என் பந்தியில உக்காந்தே என்னை ஏமாத்திட்டுப் போயிருக்கான் பய. நானும் நம்பி எச்சில் முழுங்கியிருக்கேன். சூப்பைக் குடிங்க, ஆறுது.

ஆமா, செய்தி போனா பந்தி ஆளுங்க வருவாங்க. அதான் என் பயமே. இந்த வெறும் மேசையெல்லாம் உங்களை எப்படிக் குத்துதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு மலர் வளையம் கூட இல்ல. செய்தி போனா ஏழு மணிக்குள்ள இந்தக் கூடத்துல செருப்பு வைக்க இடம் இருக்காது. பத்துப் பேராவது வந்து குனிஞ்சு கும்பிட்டாத்தானே பெத்த மனசு ஆறும். நியாயம்தான். நான் அதைத்தான் விட்டுக்குடுங்கன்னு கேக்க வந்திருக்கேன். அடிக்கணும்னா அடிச்சுடுங்க.

காளான்னு சொன்னேனே, அவ ஒரு பொண்ணு. பார்சல் கூடத்துல வேலை. அவளுக்குச் சோறு இறங்காது. ஏன்னு அவளும் சொல்லல, நாங்களும் கேக்கல. உங்க மகன் வந்து சாப்பிடப் போறேன்னு எழுதினாத்தான் அவ கரண்டியை எடுப்பா. மொத வாய் ரெண்டு பேரும் ஒண்ணா. ஆறின சோறு அண்ணன் தின்னா நானும் தின்னுவேன், அதுதான் அவ கணக்கு. காதல் கீதல்னு நெனைக்காதீங்க. அதெல்லாம் வயிறு நெறைஞ்சவங்களுக்கு.

காய்ச்சல், ரெண்டு நாள் படுக்கறேன்னு சொல்லிட்டுத்தான் போனான். நாங்களும் கஞ்சி குடிடா, வெந்நி குடிடான்னு எழுதினோம். அவன் வரல. அப்புறம் நேத்து உங்க செய்தி வந்துச்சு. இதயம், ரூம்லயே, வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து பாத்தாங்கன்னு. படிச்சுட்டு உக்காந்திருக்கேன், ஏழு மணி ஆயிடுச்சு. காளான் வந்து அண்ணன் எங்கன்னா. அண்ணன் செத்துட்டான்னு சொல்லத்தான் தம்பி வாயைத் திறந்தேன். டூனா மீன் பிடிக்கிற கப்பல்ல ஏறிட்டான்னு வந்துடுச்சு.

கப்பல்ல ஏறினவன் சொல்லாமலா போவான்னு அவ கேக்கறா. ராத்திரியோட ராத்திரியா ஆள் எடுத்தாங்க, சமையக்காரன் வேலை, நான்தான் சிபாரிசுன்னேன். நடுக்கடல்ல சிக்னல் கிடையாது, நாளைக்கு ஏழு மணிக்கு ஒரு தீவுல கப்பல் நிக்கும், அப்ப எழுதுவான்னேன். நிறுத்தியிருக்கலாம். இந்த வாய் எங்க நிறுத்திச்சு? அவ கரண்டியைக் கீழ வெச்சுட்டா. அப்ப நாளைக்கே சாப்பிடறேன் தாத்தான்னா.

தப்புன்னு தெரியாமலா? நீங்க ஒண்ணு. நானே ஒவ்வொரு தடவையும் இதோட சரின்னுதான் நெனைக்கிறேன்.

ஒவ்வொரு தடவையும்னா... மூணு கிண்ணம்னு சொன்னேனே, அவரு மங்கோலியாவுல கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அவரு வளக்கற ஒட்டகம் எங்க பந்தியைப் பாத்துட்டுத்தான் அசை போடும். மாடிப்பூனைக்கு லாட்டரி விழுந்து தெற்குக் கடல்ல குட்டித் தீவு வாங்கியிருக்கா. செருப்புத் தொலைச்சவன்னு ஒருத்தன், சைபீரியாவுல மான் மேய்க்கிறான். குளிருக்குப் பேச்சே உறைஞ்சு விழுதாம், அதைப் பொறுக்கி அடுப்புல சுட்டாத்தான் காதுல கேக்குமாம். பந்தியில இன்னிக்கும் கேப்பாங்க, மான் குட்டி போட்டுச்சான்னு. போட்டுச்சுன்னுதான் சொல்றேன்.

இந்த மாதிரித் துக்கக் கூடத்துல சூப்பு எனக்கு இது நாலாவது கிண்ணம் தம்பி. மாடிப்பூனைக்குச் சாமந்திப்பூ கூட இல்ல, போட்டோவும் இல்ல. கார்ப்பரேஷன்காரன் ஒருத்தனும் நானும்தான் நின்னோம். உங்க மகனுக்கு நீங்களாவது இருக்கீங்க.

எத்தனை நாளைக்கு ஓடும்னா எனக்கென்ன தெரியும்? என்னிக்காவது ஒருத்தன் ஒட்டகத்தைக் காட்டும்பான், அன்னிக்கு மொத்தமும் போச்சு. அதுக்கு முன்னாடி நான் போனாலும் போச்சு. என்னை எந்தக் கப்பல்ல ஏத்தி விடறதுன்னு யோசிக்கக் கூட அங்க ஒருத்தருக்கும் தெறமை கிடையாது. எல்லாம் உண்மை பேசற ஜனங்க.

மணி பாருங்க. ஆச்சு. இந்த சோஜு பாட்டில்ல என் போனைச் சாத்தறேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பூ தெரியக் கூடாது. டையைக் கழட்டிடறேன். இந்த சூப்பு எங்க வாங்கினதுன்னு போன்ல எவனுக்கும் தெரியாது, சூப்பு சூப்புதான்.

உங்க மகன் போன்ல அவன் பேர்ல பந்திக்குள்ள போக முடியும்ல? அந்தக் கறுப்பு ரிப்பன் பக்கம் விரலைக் கொண்டு போகாதீங்க. கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல எழுதணும். அப்பான்னு எழுத வேணாம். எதையும் விளக்க வேணாம். சாப்பிடப் போறேன், அவ்வளவுதான் அவன் எழுதறது. எழுதிட்டு நிஜமாவே ஒரு வாய் சாப்பிடுங்க, அது பொய்யா இருக்க வேணாம். காலையிலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலன்னு அந்தம்மா சொல்லிச்சு.

நாளைக்கா? நாளைக்கு நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. அங்கயும் ஏழு மணி வரும். தனியாத்தானே சாப்பிடறீங்க?

வந்துட்டா, பாருங்க, காளான் வந்துட்டா. தாத்தா, கப்பல் நின்னுச்சான்னு கேக்கறா. நான் என்னத்தைச் சொல்ல? எழுதினாலும் சரி, அந்த ரிப்பனைத் தட்டினாலும் சரி, உங்க மகன், உங்க விரல். நான் பிடிச்சு நிறுத்த மாட்டேன். ஆனா பின்னால எவனாவது கேட்டா, இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க தம்பி.