மூன்று நிமிஷமும் ஆறு வருஷமும்

“ஒரு பாக்டீரியாவுக்கு தனக்க ஆர்.என்.ஏ.வை வெட்டிப்போட மூணு நிமிஷம் போதும் மயினி. எது வெட்டுதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு.”

பாறசாலையில் ரயில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த பெண் சொன்னாள். பக்கத்தில் அவள் அண்ணன் மனைவி.

“அது என்னத்துக்கு மக்கா வெட்டுது?”

“ஆர்.என்.ஏ.ன்னா எந்தப் புரோட்டீனை உண்டாக்கணும்னு சொல்லுத உத்தரவு. தீனி கிடைக்காத நேரம் பழைய உத்தரவை அழிச்சாத்தான் பாக்டீரியா பிழைக்கும். அழிக்குத நொதியை நானாக்கும் கண்டுபிடிச்சேன்.”

“அப்போ ஆராய்ச்சிக் கட்டுரையில உனக்க பேரு வருமில்லியா?”

“எனக்க கைடு சாருக்க பேரு உண்டு. அவருக்க மவனுக்க பேரும் உண்டு. நான் கடைசியில, நன்றி சொல்லுத இடத்துல.”

நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறியது. மயினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இன்னைக்கு எதுக்கு வரச் சொன்னாரு?”

“கட்டுரையில எனக்க பேரு இல்லாததுக்கு ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். குடுத்தாத்தான் தீசிஸ்ல ஒப்பு போடுவாரு.”

“குடுக்காத.”

“எழுதியாச்சு மயினி.”

ஃபைலைத் திறந்து காட்டினாள். மயினி அதை இரண்டு முறை வாசித்தாள்.

“இதுல உனக்க பேரு நல்லா பெருசா இருக்கே.”

“இதுல மட்டும் முழுப்பேரு வேணும்னு சொன்னாரு.”