ஒரே கோப்பில் இரண்டு டெல்மர்

காப்பி நன்றாக இருக்கிறது, மிஸ் ஓக்லி. கூரை வேலை செய்கிறவர்கள் குடிப்பது காலையில் போட்டு மத்தியானம் வரை ஃபிளாஸ்க்கில் கிடக்கும் காப்பி. அது தார் மாதிரி இருக்கும்.

வாயால் சொன்னால் போதும், நானே தட்டச்சு செய்துகொள்கிறேன் என்றீர்கள். நான்தான் காகிதம் கேட்டு வாங்கினேன். பிறர் தட்டச்சு செய்த என் பெயரால் பட்ட பாடு போதும். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தாறு வயதில், நூலகத்து மாடியில், வாரம் இரண்டு நாள் போய்க் கற்றுக்கொண்டது.

என் பெயர் டெல்மர் கீட்டன். பிறந்தது 1960 மார்ச் ஒன்பது. தேதிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

நானும் என் மனைவி வில்மாவும் துணி துவைக்கும் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறோம். பத்தொன்பது படி. நான்கு வருடத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் தெருவைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். எங்கள் மகன் ஜூனியர் வந்து அவளை முதுகில் ஏற்றிக் கீழே இறக்கி சர்ச்சுக்குக் கொண்டுபோவான். என் முதுகு அதற்கு ஆகாது.

"மெல்ல இறக்குடா, நான் என்ன உரமூட்டையா?" என்பாள் வில்மா.

"உரமூட்டை இவ்ளோ வாய் பேசாதும்மா" என்பான் அவன்.

லோகஸ்ட் தெருவில் பேய்ன் என்பவரின் வீடு விலைக்கு வந்தது. ஒரே தளம், வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. அவர் வீட்டுக் கூரையை நான்தான் வேய்ந்தேன். மே மாதம் முடியும் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று கையடித்துச் சொன்னார். வில்மாவிடம் சொன்னேன். அன்று அவள் அழுதாள். அதற்கு முந்தைய நான்கு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆகவே அந்த வீடு வாங்கியே தீர வேண்டியதாகிவிட்டது. நடந்தது எல்லாவற்றுக்கும் காரணம் அவ்வளவுதான்.

வங்கியில் டோனா என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவள். கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"டெல்மர், சம்பளம் போதும், முன்பணமும் வச்சிருக்கே. ஆனா உன் கிரெடிட் ஸ்கோர் இப்படி இருந்தா மேல இருக்கறவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க."

"நான் யாருக்கும் ஒரு டாலர் பாக்கி வச்சவன் இல்லையே, டோனா."

"அது எனக்குத் தெரியும். இந்த ரிப்போர்ட்டுக்குத் தெரியலையே."

எல்லோருடைய கடன் வரலாற்றையும் கோப்பில் வைத்து இந்த ஸ்கோரைப் போடும் நிறுவனத்திலிருந்து அறிக்கையை வரவழைத்தேன். பத்தொன்பது பக்கம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே படித்து முடித்த முதல் எழுத்து என் வாழ்க்கையில் அதுதான். எட்டு நாள் ஆயிற்று. தவணை கட்டாமல் பறிபோன லாரி, மணிக்கட்டு ஆபரேஷனுக்குக் கட்டாத மருத்துவமனைப் பணம், பாக்கி ஏறிக் கெட்டுப்போன இரண்டு கிரெடிட் கார்டு. எல்லாம் ஜூனியருடையது. எல்லாம் என் கோப்பில்.

அவன் ஊதாரி இல்லை. ஒரு கூரையிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்து ஐந்து மாதம் வேலையில்லாமல் கிடந்தான். அதற்குள் எல்லாம் சரிந்துவிட்டது. வேறு யாருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

பெயர் எப்படி ஒன்றாயிற்று என்று கேட்டீர்கள். எங்கள் பக்கத்தில் மகனுக்கு அப்பன் பெயரை வைப்பது வழக்கம்தான். ஆனால் நாங்கள் அவனுக்கு ராய் என்று வைப்பதாக இருந்தோம். அவன் பிறந்த அன்று வில்மா மயக்கத்தில் இருந்தாள். நர்ஸ் பாரத்தை என் கையில் கொடுத்து, குழந்தையின் பெயரை எழுதுங்கள் என்றாள். எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். தெரியாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. என் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூனியர் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதுகூடத் தெரியாது. பிறகு எல்லோரும் அவனை ஜூனியர் என்று கூப்பிட்டோம். காகிதத்தில் அது எங்கும் இல்லை.

அந்த நிறுவனத்துக்கு ஏழு முறை எழுதினேன். ஓட்டுநர் உரிமத்தின் நகல், வரி ரசீது, இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழ், இது என் கடன் என்று ஜூனியர் கையெழுத்துப் போட்ட கடிதம், எல்லாம் வைத்து அனுப்பினேன். ஏழு முறையும் ஒரே பதில் வந்தது. தாங்கள் மறுத்த விவரங்கள் சரிபார்க்கப்பட்டன, அவை தங்களுடையவையே. யாரிடம் சரிபார்த்தார்கள்? லாரிக்குக் கடன் கொடுத்தவனிடம். டெல்மர் கீட்டன் பாக்கியா என்று கேட்டால் அவன் ஆமாம் என்றுதான் சொல்வான். சொன்னது பொய்யும் இல்லை.

போனில் கேட்டால் இன்னும் மோசம். முக்கால் மணி நேரம் பாட்டு கேட்க வேண்டும். பிறகு, நான் நான்தானா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்வி கேட்பார்கள். கேள்விகள் கோப்பிலிருந்து வரும். கோப்பில் இருப்பதோ அவன். அதனால் நான் போன் செய்யும் நாளில் அவனைச் சமையலறை மேஜையில் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொள்வேன்.

"சார், 2014-ல நீங்க வாங்குன லாரி எந்தக் கம்பெனி கடன்ல வாங்கினது?"

நான் ஜூனியரைப் பார்ப்பேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி ஒரு பெயரைக் கிசுகிசுப்பான். நான் சொல்வேன்.

"சரியான பதில். நன்றி, மிஸ்டர் கீட்டன்."

"பாத்தியாப்பா, நீ யாருங்கறதுக்கு என்னைத்தான் கேக்க வேண்டியிருக்கு" என்பான்.

அவனுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. மாதக்கணக்கில் அதைச் செய்தால் உங்களுக்கும் இருந்திருக்காது.

மார்ச் மாதம் அவனே சொன்னான்: "கோர்ட்டுல போயி பேரை மாத்திக்கறேன்ப்பா. ராய்னு வச்சுக்கறேன். அம்மாவுக்கும் ஆசைதானே." பாரம்கூட வாங்கி வந்துவிட்டான். நான் நிறுவனத்தைக் கேட்டேன். பெயர் மாற்றினால் புதுப்பெயரும் அதே கோப்பில், மறுபெயர் என்று சேரும் என்றார்கள். அதாவது ராய் கீட்டன் என்பவனும் நான்தான் என்றாகிவிடும்.

அன்று பேசிய பெண்தான் அத்தனை பேரில் நல்லவள். நடுவில் பாட்டுப் போட்டுவிட்டு ஓடவில்லை.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்படி ரெண்டு பேர் கலந்த கோப்பு சட்டுனு பிரியணும்னா ஒருத்தர் இறந்திருக்கணும். இறப்புச் சான்றிதழ் வந்துட்டா மெஷின் கேள்வி கேக்காம எடுத்துக்கும். முப்பது நாள்ல முடிஞ்சிரும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றரை வருடத்தில் அந்த இடத்திலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே தெளிவான பதில் அது.

மறந்துவிடக் கூடாதே என்று ஒரு உறையின் பின்பக்கத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். இறப்புச் சான்றிதழ், முப்பது நாள். ஞாயிற்றுக்கிழமை ஜூனியர் பால் எடுக்கப் போனவன் படித்தான்.

"யாருப்பா சாகப் போறது?"

"விசாரிச்சேன், அவ்ளோதான்."

"அப்போ நீயே போயிடு. வயசுல நீதான் பெரியவன்."

வில்மா கரண்டியை எடுத்து அவன் மேல் எறிந்தாள். மூன்று பேரும் சிரித்தோம்.

அவன் சொன்னதையும் நான் யோசிக்காமல் இல்லை. நான் போய்விட்டால் கோப்பு அவனுக்கு மிஞ்சும். அந்த ஸ்கோருக்கு எவன் வீட்டுக் கடன் கொடுப்பான்? வில்மா மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

மே முப்பத்தொன்றிலிருந்து பின்னால் எண்ணினேன். நிறுவனத்துக்கு முப்பது நாள், தபாலுக்கு ஐந்து நாள், சான்றிதழ் கைக்கு வர ஒரு வாரம். ஏப்ரல் பத்தொன்பது வந்தது.

அந்த வாரம் மெதடிஸ்ட் சர்ச் கூரையில் வேலை. செங்குத்தான கூரை. முகட்டில் ஓர் இரும்புத் தகட்டை அறைந்து, அதில் கட்டிய கயிற்றை இடுப்புவாரில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவோம். தகட்டுக்குப் பன்னிரண்டு நீள ஆணி வேண்டும். பலகையைத் துளைத்து, அதைத் தாங்கும் கைமரத்துக்குள் இறங்க வேண்டும். தகடு அறைவது எப்போதும் என் வேலை. மணிக்கட்டு உடைந்ததிலிருந்து ஜூனியர் ஒவ்வொரு நாளும் கேட்பான். அன்றும் கேட்டான்.

"அப்பா, தகடு?"

"இறங்கியாச்சு."

அவன் கயிற்றை ஒரு தடவை சுண்டினான். தகட்டைப் பார்க்கவில்லை. நான் அறைந்த தகட்டை அவன் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அன்று நான் அடித்தது நான்கு குட்டை ஆணி, வெறும் பலகையில்.

பத்தேகால் மணிக்குத் தோளில் ஒரு கட்டுக் கூரை ஓட்டோடு பின்னால் சாய்ந்தான். சாய்ந்தால் கயிறு தாங்கும் என்பது எங்களுக்குப் பழக்கம். நான் அவனைத் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. அவன் சாயாமலும் இருந்திருக்கலாம். கீழே கல் பாவிய தரை. கழுத்து. உடனே முடிந்துவிட்டது என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் வருவதற்குள் பலகையில் பன்னிரண்டு நீள ஆணி அடித்துப் பிடுங்கி, அவைதான் பிய்ந்து வந்தவை என்று தெரியும்படி வைத்திருந்தேன். பாதுகாப்பு ஆய்வாளர் மரம் உளுத்தது என்று எழுதிக்கொண்டு போனார்.

வில்மாவை அடக்கத்துக்குப் படியிறக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

மாவட்ட அலுவலகத்தில் சான்றிதழ் எழுதிய பெண் பெயர் கேட்டாள்.

"டெல்மர் கீட்டன் ஜூனியர்" என்றேன்.

"பிறப்புப் பதிவுல ஜூனியர் இல்லையே, சார். அதுல இல்லாதத இதுல நாங்க சேக்க முடியாது."

"பிறந்த தேதியாவது சரியா போடும்மா."

சரியாகத்தான் போட்டாள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். மே இருபத்தேழாம் தேதி பதில் வந்தது. சொன்ன நாளுக்குள் அவர்கள் பதில் போட்டது அது ஒருமுறைதான். உறையைக் கத்தியால் கவனமாகப் பிரித்தேன்.

டெல்மர் கீட்டன் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல் என்று இருந்தது. கோப்பு மூடப்பட்டதாம். லாரி, கார்டு, மருத்துவமனை எல்லாம் அதிலேயே இருந்தன. என் நாற்பது வருட வேலையும் ஒழுங்காகக் கட்டிய வாடகையும் அவற்றோடு உள்ளே போய்விட்டன. பிறந்த தேதியை யாரும் பார்க்கவில்லை.

"சிஸ்டம் உன்னை இறந்தவன்னு காட்டுது, டெல்மர்" என்றாள் டோனா.

"நான் உன் எதிர்லதானே உக்காந்திருக்கேன்."

"உக்காந்திருக்கே. நான் என்ன பண்ண, சொல்லு?"

வீட்டுக்கு வந்து போன் செய்தேன். முக்கால் மணி நேரப் பாட்டு. பிறகு அதே கேள்விகள்.

"சார், 2014-ல நீங்க வாங்குன லாரியோட நம்பர்ல கடைசி ரெண்டு எண் என்ன?"

பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

ஏதோ ஒரு எண்ணைச் சொன்னேன். தவறு. அடுத்ததும் தவறு. தாங்கள் மிஸ்டர் கீட்டன் என்பதை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஐந்து முறை முயன்றேன். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது எதையும் அவர்கள் கேட்கவில்லை. பாலை டப்பாவோடு குடிப்பான் என்பதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் இரண்டாம் தேதி பேய்ன் வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

உரிமத்தின் நகல் அனுப்பினேன். போதாது என்றார்கள். டோனாவின் கடிதமும் போதாதாம். டாக்டர் எழுதியதும் போதாதாம். கடைசியில் ஒருவன் சொன்னான்: "சமீபத்துல அரசாங்கம் குடுத்த காகிதம் வேணும் சார். போட்டோ, கைரேகை, பிறந்த தேதி மூணும் ஒரே இடத்துல இருக்கணும்." அப்படி ஒரு காகிதம் எங்கே கிடைக்கும் என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

யாரும் சந்தேகப்படாத விஷயத்துக்கு நீயாக ஏன் வந்தாய் என்று நீங்கள் காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மனசாட்சியா என்றும் கேட்டீர்கள். பதில் மேலே இருக்கிறது.

உங்கள் கைதுப் பாரத்தில் கைரேகையை அழுத்தமாக வைத்திருக்கிறேன். தாரில் தேய்ந்த விரல்கள், சரியாக விழவில்லை என்றால் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் டெல்மர் கீட்டன், பிறப்பு 1960 மார்ச் ஒன்பது. இறந்தவர் டெல்மர் கீட்டன், பிறப்பு 1988 நவம்பர் இரண்டு. இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில், தனித்தனி வரியில் வரட்டும். முத்திரையிட்ட நகல் ஒன்று எனக்கும் ஒன்று டோனாவுக்கும் வேண்டும். அனுப்பினால் முப்பது நாளில் அந்த நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும், அது சட்டம்.

லோகஸ்ட் தெருவிலேயே பேய்ன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இன்னொன்று விலைக்கு வந்திருக்கிறது. அதற்கும் படி இல்லை. வில்மாவிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். வீடு கைக்கு வந்ததும், அவளை வாசலில் உட்கார வைத்து நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.