அழுவாச்சி மூட்டை

– கூடாரம் மறுபடியும் சாஞ்சிடுச்சா, ஜெயவேலு?

– சாஞ்சிடுச்சு, பக்ரு. காத்து ஒரு தள்ளு தள்ளுது, முளை வழுக்கிகினு வெளிய வந்துடுது. இன்னா காரணம்னே புரியல.

– இன்னும் நீளமா ஒண்ணு சீவு.

– சீவினதுதான் இது. நம்ம புளியந்தோப்புல அடிச்சா மண்ணு சுத்தி நெருக்கிப் புடிக்கும். எண்ணூர் மணலு பொடி. இழுத்தா வுட்டுடுது.

– பேஜாரா பூடும் மாமு. சாயங்கால ரயில்ல புள்ளைங்க வருது. கூடாரம் நிக்கலன்னா அடுத்த வண்டியிலயே திருப்பி இட்டுகினு பூடுவேன்னு செல்லம்மாக்கா சொல்லிகீது.

– தெரியும். தாய்மாருங்க அத்தினி பேரும் அந்தக்கா வாயத்தான் பாத்துகினு கீறாங்க. அது திரும்பிட்டா, நாம மறுபடி ஆரம்பிக்கிற இந்தக் கேம்பு அப்பால என்னிக்கும் நடக்காது.

– உம் பையனும் வர்றான்ல?

– வர்றான். கடலு நம்ம தெருவுல புடிக்குமாப்பான்னு கேட்டுகினே கீறான்.

– வால்டர் சார் இருந்தா இந்நேரம் கூடாரம் நின்னு, கஞ்சியும் கொதிச்சிருக்கும். பெரம்பூர் ரயில் பட்டறையில லீவு போட்டுட்டு வருவாரே, அந்தக் காக்கி தொப்பியோட. அவரு மவுத்தானதோட கேம்பும் பூடுச்சு.

– உலகச் சண்டை முடிஞ்ச வருசம் ஆரம்பிச்சாரு. மொத வண்டியிலயே நாம வந்தோம். எறங்கினதும் நீ ஓன்னு அழுத.

– நீ மட்டும் சிரிச்சிகினு இருந்தியாக்கும். அழுவாத புள்ள யாரு? அதுக்குத்தானே ஆளுக்கு ஒரு கோணியக் குடுத்தாரு. அதுல மணல ரொப்பி, வூட்டு நெனப்பெல்லாம் அதுங்கிட்ட சொல்லி, பொதைச்சிடச் சொல்வாரு.

– அழுவாச்சி மூட்டை.

– ஆமா. ஊருக்குப் போற நாளுதான் தோண்டணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.

– நீ தொட்டியே பக்ரு. மூணாம் நாளே. துக்கம் உள்ள கீதா, பூடுச்சான்னு பாக்கணும்னு தோண்டி எடுத்த.

– அத்த ஏன் இப்ப கெளர்ற? அன்னிக்கு என் மானமே பூடுச்சு. எடுத்ததும் கூடாரம் ஒரு பக்கமா சாஞ்சி, நம்மகூட வந்த ஜஹானாரா தலைமேல வுழுந்துச்சு. துக்கம் வெளிய வந்து தள்ளிடுச்சுன்னு எல்லாரும் என்னிய ஓட்டினீங்க.

– இரு. எந்தப் பக்கம் சாஞ்சிச்சு?

– என் மூட்டை இருந்த பக்கம்தான்.

– மூட்டையெல்லாம் எங்க பொதைச்சோம்?

– கூடாரத்த சுத்தி. அவரு கயிறு இழுத்துக் காட்டின எடத்துல. ஆளுக்கு ஒரு கூடாரக் கயிறு, மூட்டை வாயில அவரே முடிச்சுப் போடுவாரு.

– முளை அடிச்சாரா?

– இல்லியே. சுத்தியலையே நான் பாத்ததில்ல.

– பக்ரு, அந்த ரவைக் கோணிய இப்பிடிக் குடு. முளை ஒல்லி, மணலுக்குப் புடிமானம் இல்ல. மூட்டை அகலம். இழுக்க இழுக்க மேல கீற மணலு மொத்தமும் அதும் மேல கனமா குந்திக்கும்.

– அப்போ நம்ம அழுவாச்சியா மாமு அத்தினி வருசம் கூடாரத்தத் தாங்கிகினு இருந்துச்சு?

– மணல ரொப்பிக் கட்டி குழியில வெச்சாச்சு. மண்ணத் தள்ளி மூடு, மெதிச்சு வுடு. இப்ப கயித்த இழு.

– இழுக்கிறேன். அசையல.

– அவ்ளோதான். செல்லம்மாக்காகிட்ட நான் பேசிக்கிறேன். புள்ளைங்க எறங்கினதும் ஆளுக்கு ஒரு கோணியக் குடு. மணல ரொப்பி, வாயில கயித்தக் கட்டி, ஆழமா பொதைச்சா கூடாரம் நிக்கும்.