படுத்தால் சம்பளம் இல்லை

"படுத்துத் தூங்கினா அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாதுக்கா. குந்திக்கினு தூங்கினா உண்டு."

ஆஸ்பத்திரி டூட்டி முடித்த நர்ஸ் ஒருத்தி, காலை பஸ்ஸில் என் முன் இருக்கையிலிருந்து தன் அக்காவிடம் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே சாயமேற்றிய பட்டுநூல் ஈரமாக வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி கணக்கு இது?"

"இருபத்திநாலு மணி நேர டூட்டி. நடுவுல படுத்தா ரெஸ்ட்டுன்னு கழிச்சிடுவாங்க. நாற்காலியில இருந்தா டூட்டி. நான் ஒரு நாளும் படுத்ததில்ல."

"வூட்டுக்குப் போய் நல்லா படுத்துக்கோ."

"இப்பல்லாம் படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு தறி நெய்வாரு. பக்கத்துல சுவத்துல சாஞ்சி குந்திக்குவேன். அந்தச் சத்தத்துல கண்ணு தானா மூடிக்கும்."

பேசிக்கொண்டே நிமிர்ந்தபடி தூங்கிப்போனாள். அக்கா அவள் தலையை மெல்ல மடியில் சாய்த்துக்கொண்டாள். சற்று நேரத்தில் கால்களும் தாமாக மடங்கி இருக்கையில் ஏறின.

"பிள்ளையார்பாளையம் எறங்குறவங்க வாங்க!"

அக்கா கண்டக்டரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"நாங்க எறங்கல. பஸ் எதுவரைக்கும் போவுதோ அதுவரைக்கும் ரெண்டு டிக்கெட் குடுப்பா. இவ இப்பத்தான் படுத்திருக்குறா."